படுக்கையில் இருப்பவரைப் பார்ப்பவருக்கு 7 மணி நேரத் தூக்கமா? எந்த வீட்டில்?

கடலூர்க்காரி:
நேற்று விடியல்வெளிச்சம் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "மழைக்காலம் வந்துவிட்டது. வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் முதலில் தங்களைக் கவனிக்க வேண்டும். தினமும் 7 மணி நேரம் தூங்குங்கள், மனமிருந்தால் முடியும்" என்று எழுதியிருந்தார். என் மாமியார் பக்கவாதம் வந்து நான்கு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு. இதில் 7 மணி நேரத்தை எங்கே செருகுவது? எனக்கு மனமில்லை என்கிறாரா?

விடியல்வெளிச்சம்:
சகோதரி, நல்லது சொன்னால் ஏன் கோபம்? என் அப்பாவை ஆறு வருடம் பார்த்தவன் நான். ஏர் பெட் போட்டுவிட்டால் காற்று தானாக மாறி மாறி ஏறி இறங்கும். இரவில் புரட்டவே வேண்டாம். நான் 7 மணி நேரம் தூங்கினேன். இலையுதிர் காலத்தில் உடம்பு தளரும், ஓய்வு அவசியம்.

கூதிர்:
ஐப்பசி, கார்த்திகை நமக்குக் கூதிர்காலம், அதாவது குளிர்ந்த மழைக்காலம்; இலையுதிர் காலம் இல்லை. வேம்பு இலை கொட்டுவது மாசி, பங்குனியில். இது தெரியாதவர் அறிவுரை சொல்ல வந்துவிட்டார்.

விடியல்வெளிச்சம்:
நோயாளி பற்றிப் பேசும் இடத்தில் இலக்கண வகுப்பு எதற்கு?

கடலூர்க்காரி:
ஏர் பெட் என்னிடமும் இருக்கிறது அண்ணா. அதன் மோட்டார் கரண்டில் ஓடுவது. இங்கே காற்று பலமாக அடித்தாலே கரண்டை நிறுத்திவிடுவார்கள். போன ஐப்பசியில் ராத்திரி ஒரு மணிக்கு மோட்டார் சத்தம் நின்றது. அந்தச் சத்தம் நின்றதும்தான் எனக்கு முழிப்பு வந்தது. கையை அடியில் விட்டுப் பார்த்தால் மெத்தை சப்பிப்போய், அத்தையின் இடுப்பு எலும்பு கட்டில் பலகையில் இடிக்கிறது. அன்றைக்கு நான் 7 மணி நேரம் தூங்கியிருந்தால்?

ஓய்வு சிஸ்டர்:
28 வருடம் வார்டில் இருந்தவள் சொல்கிறேன். ஏர் பெட் இருந்தாலும் புரட்டத்தான் வேண்டும், விடியல் சொல்வது தவறு. ஆனால் இரண்டு மணி நேரம் என்பதும் எல்லோருக்கும் ஒரே கணக்கு இல்லை. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்கா, கனடா முதியோர் இல்லங்களில் அடர்த்தியான ஃபோம் மெத்தையில் இருந்தவர்களை 2, 3, 4 மணி நேர இடைவெளிகளில் புரட்டிப் பார்த்தார்கள். புண் வருவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சிவந்த இடத்தை விரலால் அழுத்துங்கள். வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் ஆபத்து. உங்கள் டாக்டரிடம் கேட்டு இரவு இடைவெளியைக் கூட்ட முடியுமா பாருங்கள் தங்கச்சி.

விடியல்வெளிச்சம்:
பார்த்தீர்களா, நான் சொன்னதைத்தான் சிஸ்டரும் சொல்கிறார்.

ஓய்வு சிஸ்டர்:
நான் அப்படிச் சொல்லவே இல்லை.

கடலூர்க்காரி:
சிஸ்டர், அந்த இல்லங்களில் ஷிஃப்ட் மாற்ற ஆள் உண்டு. என் வீட்டில் நான் ஒருத்திதான். நான்கு மணி நேரம் என்றே வைத்தாலும் 7 வருமா? ரப்பர் ஷீட் மேல் போடும் வேட்டித் துண்டுகள் இந்த மழையில் காய்வதே இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு இஸ்திரிப் பெட்டி வைத்து ஒவ்வொன்றாகக் காய வைக்கிறேன். ஈரத்தோடு போட்டால் தோல் ஊறிப் புண்ணாகிவிடும். அந்த ஒரு மணி நேரம் யார் கணக்கில்?

மேட்டுத்தெரு:
தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021லிருந்து இருக்கிறதே. வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். அதைப் பயன்படுத்தாமல் புலம்பினால் எப்படி?

கடலூர்க்காரி:
வருகிறார்கள், நன்றியோடுதான் சொல்கிறேன். வருவது பகலில். நான் கேட்பது ராத்திரி.

மேட்டுத்தெரு:
மகன்கள் இல்லையா? முறை போட்டுப் பார்க்கலாமே.

கடலூர்க்காரி:
மூன்று மகன்கள். ஒருவர் கோயம்புத்தூரில், ஒருவர் துபாயில். மூன்றாமவர் என் வீட்டுக்காரர், காலை ஷிஃப்ட். தீபாவளிக்கு வந்த பெரியவர், "அம்மா நன்றாகத்தானே இருக்கிறார்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். அப்படி இருப்பது எதனால் என்று ஒருவரும் கேட்கவில்லை.

துபாய்வாசி:
வெளிநாட்டில் இருப்பவர்களை எல்லாம் இழுக்காதீர்கள். டயப்பருக்கும் மருந்துக்கும் மாதாமாதம் பணம் அனுப்புவது யார்?

கடலூர்க்காரி:
பணம் புரட்டிப் படுக்க வைக்குமா?

துபாய்வாசி:
பணம் இல்லாமல் வைத்துப் பாருங்கள்.

ஓய்வு சிஸ்டர்:
சண்டையை விடுங்கள். தங்கச்சி, உங்களுக்குக் காய்ச்சல் வந்து படுத்தால் அங்கே யார் இருக்கிறார்கள்? பகலில் மாமியார் தூங்கும்போது நீங்களும் படுங்கள், பாத்திரம் கிடக்கட்டும்.

விடியல்வெளிச்சம்:
அப்படிச் சேர்த்தால் 7 வந்துவிடும். அதைத்தானே சொன்னேன்!

கடலூர்க்காரி:
நீங்கள் எழுதியது "இரவில் புரட்டவே வேண்டாம்". மேலே போய்ப் படியுங்கள். மணி ஒன்பதே முக்கால், மழை பிடித்துவிட்டது. பத்து மணிக்குப் புரட்ட வேண்டும், போகிறேன். பன்னிரண்டுக்கு எழும்போது வந்து பார்ப்பேன், பதில் இருக்கட்டும்.

விடியல்வெளிச்சம்:
நான் சொன்னது சொன்னதுதான். 7 மணி நேரம்.