211 ஸ்டியர் பதிவு (கால்வெஸ்டன் கவுண்டி): வண்டி உதவி கேட்டு இரண்டு வாரம், ஒரு தகவலும் வரவில்லை

தென்றல்77

வணக்கம். கால்வெஸ்டன் கவுண்டியில், தீவில் இல்லை, மெயின்லேண்ட் பக்கம் உள்ள ஒரு அபார்ட்மெண்ட் வளாகம். புயலுக்கு வெளியேறச் சொன்னால் தாங்களாகக் கிளம்ப முடியாத மூன்று பேருக்கு டெக்சாஸ் மாநிலத்தின் ஸ்டியர் (STEAR, அவசர காலத்தில் உதவி தேவைப்படுபவர்களின் பெயர்ப் பட்டியல்) பட்டியலில், 211 உதவி எண் வழியாகவோ ஆன்லைனிலோ, பெயர் சேர்க்க வேண்டும்.

ஒரு பாட்டி இரண்டாம் மாடியில் இருக்கிறார், அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவி), நிமிடத்துக்கு 2 லிட்டர். தமிழ் மட்டும்தான் பேசுவார். இன்னொருவர் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் போகிறார், நடக்க முடியும், கார் ஓட்ட முடியாது. மூன்றாமவர் பவர் வீல்சேர்.

பாட்டிக்கு ஆன்லைனில் பதிந்து இரண்டு வாரம் ஆகிறது. எந்தப் பஸ், எங்கே, எத்தனை மணிக்கு என்று ஒன்றும் வரவில்லை. டயாலிசிஸ்காரர் போன வருஷமே பதிந்துவிட்டாராம், திரும்பப் பதிய வேண்டுமா? வீல்சேர்காரர் வீட்டில், "கரண்ட் கம்பெனிக்கு டாக்டர் கையெழுத்துப் போட்ட கிரிட்டிகல் கேர் படிவம் கொடுத்தாச்சு, அதுவே போதும்" என்கிறார்கள். போதுமா?

வளைகுடாவாசி

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், அதுதான் ஆபத்தான குழப்பம். போதாது. கிரிட்டிகல் கேர் படிவம் மின்கம்பியைப் பராமரிக்கும் கம்பெனிக்குப் போவது. மருத்துவக் கருவியை நம்பி இருப்பவர் இந்த மீட்டரில் இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரிவிக்கும், அவ்வளவுதான். கரண்ட் போகாது என்ற உத்தரவாதமும் அதில் இல்லை. 2024 ஜூலை 8 அன்று பெரில் புயல் கரையைக் கடந்தபோது ஹூஸ்டன் வட்டாரத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருண்டன. வண்டி அனுப்புகிறவர்கள் அந்தப் படிவத்தைப் பார்ப்பதே இல்லை. இரண்டும் தனித்தனி, இரண்டுமே வேண்டும். ஹூஸ்டன் நகருக்குள் இருந்து படிப்பவர்களுக்கும் இதேதான்: மெட்ரோலிஃப்ட் (மாற்றுத்திறனாளிகளுக்கான நகர வண்டிச் சேவை) வைத்திருப்பது ஸ்டியர் பதிவு ஆகாது.

போன வருஷப் பதிவு: ஸ்டியர் ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டியது. வீடு, போன் நம்பர், உடல்நிலை எது மாறினாலும் நடுவிலேயே திருத்த வேண்டும். புயல் சீசன் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, அதனால் மே மாதத்தில் முடித்துவிடுவது நல்லது. வளைகுடாவில் புயல் சுழல ஆரம்பித்த பிறகு 211 வரிசையில் காத்திருப்பது வீண் பாடு. அதற்குள் உள்ளூர் அதிகாரிகள் பட்டியலை எடுத்து வண்டிக் கணக்குப் போட ஆரம்பித்திருப்பார்கள்.

இப்போது பஸ் விஷயம். பதிந்தவுடன் பஸ் நேரம் வராது, வரவும் முடியாது. ஸ்டியர் என்பது டெக்சாஸ் அவசர மேலாண்மைத் துறை வைத்திருக்கும் பெயர்ப் பட்டியல். கவுண்டியும் நகரமும் அதை எடுத்துத் தங்கள் திட்டத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளும். ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு விதமாகப் பயன்படுத்தும், பதிந்தால் வண்டி நிச்சயம் என்று யாரும் வாக்குக் கொடுப்பதில்லை. அதனால் "பதிஞ்சாச்சு" என்று உட்காராமல் நகராட்சியின் அவசர மேலாண்மை அலுவலகத்துக்கே போன் போட்டுக் கேளுங்கள். வாசலுக்கே வந்து ஏற்றுவீர்களா, பொது இடத்துக்கு நாங்கள் வர வேண்டுமா? கிளம்பும் முன் யார், எந்த நம்பரிலிருந்து அழைப்பார்கள்? மாடியிலிருந்து இறக்க ஆள் வருமா, டிரைவர் மட்டுமா? மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. உங்கள் பாட்டிக்கு அதுதான் உயிர்க் கேள்வி.

கால்வெஸ்டன் தீவில் 2020 லாரா புயலுக்குப் பிராட்வேயில் உள்ள ஐலண்ட் கம்யூனிட்டி சென்டரில் ஆட்களைத் திரட்டி ஆஸ்டினுக்குப் பஸ் விட்டார்கள். ஆஸ்டின் இங்கிருந்து 200 மைலுக்கு மேல். பஸ் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் என்ற நினைப்பில் மருந்து எடுத்து வைக்காதீர்கள்.

வெளியேற்ற வரைபடம் ஜிப் கோடு கணக்கில் கடற்கரை, ஏ, பி, சி என்று நான்கு மண்டலம். கடற்கரையை முதலில் கிளப்புவார்கள். உங்கள் ஜிப் எதில் இருக்கிறது என்று பார்த்து மூன்று வீட்டுக் குளிர்பெட்டியிலும் ஒட்டி வையுங்கள். காற்று மணிக்கு 39 மைலைத் தொட்டுவிட்டால் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். "கொஞ்சம் பார்ப்போம்" என்பவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மருந்துப்பெட்டி

பாட்டி பதிவைத் திறந்து பாருங்கள். "ஆக்சிஜன் தேவை" என்று மட்டும் இருந்தால் பத்தாது. குறிப்பு எழுத இடம் இருந்தால் அதில், இல்லாவிட்டால் 211-ல் பேசி, இப்படிச் சேர்க்கச் சொல்லுங்கள்: தொடர்ந்து 2 லிட்டர், கரண்டில் ஓடும் கான்சன்ட்ரேட்டர், கைவசம் இத்தனை சிலிண்டர், இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை, படி இறங்க முடியாது, ஆள் உதவியோடு பஸ் சீட்டில் உட்கார முடியும். கடைசி வரி முக்கியம். சீட்டில் உட்காரக்கூடியவர், சக்கர நாற்காலியிலேயே பயணிக்க வேண்டியவர், படுத்தேதான் போக வேண்டியவர் என்று மூன்று விதம் உண்டு. மூன்றுக்கும் வண்டி வேறு. பரிதாபத்தில் "படுத்த படுக்கை" என்று எழுதிவிட்டால் ஆம்புலன்ஸ் வரிசைக்குப் போய்விடுவார், அதுதான் இருப்பதிலேயே நீளமான வரிசை. மானம் பார்த்து "மெதுவா நடப்பாங்க" என்றால் சாதாரணப் பஸ் வந்து நிற்கும்.

சிலிண்டர் கணக்கு: நிரம்பிய ஈ சைஸ் சிலிண்டரில் சுமார் 680 லிட்டர். 2 லிட்டர் ஓட்டத்தில் 340 நிமிடம். கடைசிச் சொட்டு வரை நம்பக் கூடாது, 5 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்டின் பயணம் சாதாரண நாளில் 4 மணி நேரம், வெளியேற்ற நெரிசலில் மடங்காகும். 2005 ரீட்டா புயலில் இந்தச் சாலைகளில் நாள் முழுக்க நின்றார்கள். ஆக்சிஜன் சப்ளை செய்யும் கம்பெனியிடம் இப்போதே பேசி, புயல் எச்சரிக்கை வந்தால் கூடுதல் சிலிண்டர் எத்தனை தருவார்கள், போய்ச் சேரும் ஊரில் கிளை இருக்கிறதா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

சிலிண்டரை யாருக்கும் தெரியாமல் பையில் போட்டு ஏற்றும் வேலை மட்டும் வேண்டாம். அதே ரீட்டாவில் முதியோர் இல்லத்தாரை ஏற்றி வந்த பஸ் டாலஸ் அருகே தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். சக்கர பேரிங்கில் மசகு போதாமல் சூடேறிப் பிடித்த தீ அது, உள்ளே இருந்த ஆக்சிஜன் சிலிண்டர்கள் வெடித்து நிலைமையை மோசமாக்கின. ஏறும்போதே டிரைவரிடம் சொல்லி, நிமிர்த்திக் கட்டி, உருளாமல் வைக்க வேண்டும்.

டயாலிசிஸ்காரருக்கு வண்டியை விட நாள்தான் முக்கியம். அவருடைய யூனிட்டில் சோஷியல் வொர்க்கர் இருப்பார். புயல் பாதை தெரிந்தவுடன் முறையை முன்னால் இழுத்து, கிளம்பும் முன் ஒரு தடவை முடித்துவிட அவரிடம் கேட்கலாம். பையில் கடைசி டயாலிசிஸ் தாள், டிரை வெயிட் (கூடுதல் நீர் நீங்கிய பிறகு இருக்க வேண்டிய எடை), ஊசி குத்துவது கையில் இணைத்த ரத்தக்குழாயிலா (ஃபிஸ்டுலா), பொருத்திய குழாய் வழியா (கதீட்டர்) என்ற விவரம், ஹெபடைடிஸ் பி ரிசல்ட். அது இல்லாமல் புது ஊர் யூனிட்டில் மெஷின் ஒதுக்கத் தயங்குவார்கள். டயாலிசிஸ் தள்ளிப்போனால் பின்பற்ற 3 நாள் அவசர உணவு முறை என்று ஒன்று உண்டு, யூனிட்டிலேயே தாள் தருவார்கள். அதில் நீர் ஒரு நாளைக்கு இரண்டு கப்தான். நம் வீட்டில் முகாமுக்குப் போகிறவருக்கு அக்கறையாகக் கட்டிக் கொடுப்பதெல்லாம் அவருக்கு ஆகாது: இளநீர், வாழைப்பழம், தக்காளி ரசம், ஊறுகாய், அப்பளம்.

சக்கரம்

பவர் வீல்சேர் பற்றி. பதிவில் "வீல்சேர்" என்று மட்டும் இருந்தால் மடக்கி டிக்கியில் போடும் நாற்காலி என்று நினைத்துவிடுவார்கள். "பவர் வீல்சேர், மடங்காது, லிஃப்ட் வண்டி வேண்டும்" என்று இருக்க வேண்டும். கூடவே எடை. சட்டப்படி பஸ் லிஃப்ட் குறைந்தது 600 பவுண்டு தாங்கும்படி இருக்க வேண்டும், 30க்கு 48 அங்குல நாற்காலிக்கு இடம் இருக்க வேண்டும். பெரிய பவர் சேர் மட்டுமே 300 பவுண்டு வரும். ஆளையும் முதுகுப் பக்கம் தொங்கும் பையையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். நாற்காலியின் எடை, அதன் சட்டகத்தில் ஒட்டியிருக்கும் லேபிளிலோ கையேட்டிலோ இருக்கும்.

இன்னொன்று. மோட்டார் பக்கத்தில் சின்ன நெம்புகோல் இரண்டு இருக்கும், பெரும்பாலும் சிவப்பு அல்லது மஞ்சள். அதைத் திருப்பினால்தான் சக்கரம் விடுபட்டுக் கையால் தள்ள முடியும். பேட்டரி செத்த நாற்காலியை இது தெரியாமல் நாலு பேர் தூக்கப் போய், நாற்காலியை விட்டுவிட்டு ஆளை மட்டும் ஏற்றிக்கொண்டு போவார்கள். நெம்புகோலில் பளிச்சென்ற டேப் ஒட்டி, "தள்ள: இதைத் திருப்பு" என்று ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் எழுதி வையுங்கள். பஸ்ஸில் பெல்ட் மாட்டும் நான்கு இடத்துக்கும் டேப் ஒட்டலாம். சார்ஜரில் பெயர், போன் நம்பர். முகாமில் முதலில் காணாமல் போவது சார்ஜர்தான்.

நாய் பூனை இருந்தால் பதிவிலேயே சொல்லிவிடுங்கள், கூண்டு வேண்டும். பயிற்சி பெற்ற உதவி நாய்க்கு அந்தக் கட்டு இல்லை, ஆளோடு வரும்.

தென்றல்77

ரொம்ப நன்றிங்க. பாட்டி பதிவைப் பார்த்தேன், போன் நம்பர் இடத்தில் அவருடைய இந்திய வாட்ஸ்அப் நம்பர் போட்டிருக்கு! மகன் வேலைக்குப் போய்விட்டால் பாட்டி தனியாகத்தான் இருப்பார். இன்னொரு சந்தேகம்: பாட்டி விசிட்டர் விசாவில் வந்தவர், அக்டோபரில் ஊருக்குத் திரும்புகிறார். இப்படிப்பட்டவருக்குப் பதியலாமா? குடும்பம் தயங்குகிறது.

வளைகுடாவாசி

பதியலாம். குடியுரிமையோ இன்ஷூரன்ஸோ இதற்குத் தகுதி நிபந்தனை இல்லை. வெளியேற உதவி தேவைப்படுபவரா என்பதுதான் கேள்வி. கட்டணமும் இல்லை.

போன் நம்பரை இன்றே மாற்றுங்கள். முதல் நம்பர் மகனுடையது, அவசரத் தொடர்புக்கு வளாகத்திலேயே இருக்கும் இன்னொருவர். அழைப்பு தெரியாத நம்பரிலிருந்து வரும், ஸ்பாம் என்று வெட்டிவிடக் கூடாது. வாய்ஸ்மெயில் நிரம்பியிருந்தால் காலி செய்யச் சொல்லுங்கள்.

முகவரியில் கட்டட எண், கதவு எண், கேட் கோடு மூன்றும் வேண்டும். பெரிய வளாகங்களில் மேப் போட்டால் லீசிங் ஆபீஸ் வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். தபால் பெட்டி முகவரி கூடவே கூடாது. பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே. வீட்டில் இனிஷியலோடு ஒன்று, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சேர்த்து ஒன்று என்று இருக்கும் நம்மவர்களுக்கு இது வழக்கமான சிக்கல். பஸ் ஏறும்போது கைப்பட்டை கட்டி ஸ்கேன் செய்வார்கள், எங்கே இறக்கினார்கள் என்று குடும்பம் பிறகு தேடும்போது அந்தப் பெயரை வைத்துத்தான் தேட முடியும்.

ஆன்லைனில் திருத்துவதை விட 211-க்கே போன் போடுங்கள், கிடைக்காவிட்டால் 877-541-7905. "தமில் இன்டர்பிரட்டர்" என்று கேட்டு மகனும் பக்கத்தில் இருந்தால் பாட்டியே பேசலாம். வைப்பதற்கு முன் பதிவு முழுவதையும் ஒருமுறை திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். முதன்மை மொழி தமிழ் என்று பதிவாகியிருக்கிறதா பாருங்கள். கூடவே ஒரு அட்டையில் ஆங்கிலத்தில் பெயர், நோய், மருந்து, ஆக்சிஜன் அளவு, மகன் நம்பர் எழுதிக் கழுத்தில் மாட்டும் உறையில் போட்டுவிடுங்கள்.

இதெல்லாம் செய்தாலும் மாற்று வழி ஒன்று கையில் இருக்கட்டும். மூன்று பேருக்கும் ஆளுக்கொரு கார், ஓட்டுநர், போய்த் தங்கும் வீடு முடிவாகியிருக்க வேண்டும். பாட்டியையும் டயாலிசிஸ்காரரையும் சாதாரணக் காரிலேயே கொண்டுபோய்விடலாம், எச்சரிக்கை வந்தவுடன் கிளம்பினால் போதும். பவர் சேர்காரருக்குத்தான் உண்மையிலேயே மாநிலத்தின் வண்டி வேண்டும், உங்கள் நேரத்தை அவர் பதிவில் அதிகம் செலவிடுங்கள்.

மருந்துப்பெட்டி

பாட்டி அக்டோபரில் விமானம் ஏறியதும் 211-ல் சொல்லிப் பெயரை நீக்கிவிடச் சொல்லுங்க. சீசன் நவம்பர் 30 வரை இருக்கு. இல்லாட்டி பூட்டின வீட்டுக் கதவைத் தட்டிக்கிட்டு இரண்டு பேர் நிப்பாங்க, அந்த நேரத்தில் வேறொரு வீட்டில் யாராவது காத்திருப்பாங்க.