யாஸூவுக்கு ஒரு ‘பெஸ்ட் ஆஃப்’ தேவையா?

ஊசிமுனை:
80களின் நியூ வேவ் கேட்பவர்களிடம் ஒரு வழக்கு வைக்கிறேன். யாஸூ என்ற குழு. இங்கிலாந்தில் எசெக்ஸ் மாவட்டத்து பாசில்டன் ஊர்க்காரர்கள் இருவர்: சிந்தசைஸர் வின்ஸ் கிளார்க், பாட்டு அலிசன் மொயெட். கிளார்க் தன் முந்தைய குழுவான டிபெஷ் மோடை விட்டு வெளியே வந்த 1981 கடைசியில் சேர்ந்தார்கள், 1983 நடுவில் பிரிந்தார்கள். கையிருப்பு 2 ஆல்பம், 4 சிங்கிள் (தனிப்பாட்டுத் தட்டு), அவ்வளவுதான். இதற்கு மியூட் ரெக்கார்ட்ஸ் 1999இல் ‘ஒன்லி யாஸூ’ என்று ஒரு பெஸ்ட் ஆஃப் போட்டது.

20 சிங்கிள் விட்ட குழுவுக்குத் தொகுப்பு போட்டால் நியாயம். மொத்தக் கணக்கே ஒரு மாலையில் கேட்டு முடிக்கிற அளவு இருக்கும்போது எதைப் பொறுக்குவது? பொறுக்கியதையாவது ஒழுங்காகச் செய்தார்களா? இருந்த 4 ஹிட்டில் ஒன்றைக் காணோம்! 1982 நவம்பரில் வந்து பிரிட்டனில் 13ஆம் இடம் வரை போன ‘தி அதர் சைட் ஆஃப் லவ்’ இதில் இல்லை. என்னைக் கேட்டால் இது விற்பனைப் பிரிவு செய்த வேலை.

தேன்மொழி:
விற்பனைப் பிரிவு தேர்ந்தெடுத்திருந்தால் அந்த 13ஆம் இட ஹிட் முதலில் உள்ளே வந்திருக்கும். பட்டியலை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். ‘மிட்நைட்’, ‘எனிஒன்’, ‘ஓட் டு பாய்’, ‘வின்டர் கில்ஸ்’, ‘நோபடிஸ் டைரி’, எல்லாம் மொயெட் எழுதியவை. வானொலி யாஸூ என்றால் ‘ஒன்லி யூ’, ‘டோன்ட் கோ’ இரண்டையும் திருப்பித் திருப்பிப் போடும். இரண்டுமே கிளார்க் எழுதியவை. அதனால் ‘கிளார்க் எழுதினார், ஒரு பெண் வந்து பாடிவிட்டுப் போனார்’ என்ற கதை நிலைத்துவிட்டது. கடைசி சிங்கிளான ‘நோபடிஸ் டைரி’ 3ஆம் இடம் வரை போனது. அதை எழுதியவர் மொயெட், அதுவும் யாஸூவுக்கு முன்பே, பதின்வயதில். இதைச் சொல்கிற ஒரு தட்டு எனக்குத் தேவை.

அனலாக் அருள்:
இரண்டு பேருமே தட்டின் கடைசிப் பகுதியைக் கண்டுகொள்ளவில்லை. உண்மையான குற்றம் அங்கேதான் இருக்கிறது. 1999இல் புதிதாகச் செய்த ரீமிக்ஸ்கள், அதாவது பழைய பதிவைக் கலைத்து மாற்றிக் கலந்தவை. அதில் ஒன்று ‘டோன்ட் கோ’வுக்கு டாட் டெர்ரி செய்தது.

கிளார்க் அன்றைக்கு வைத்திருந்தது பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரே சுரம் மட்டும் தரும் கருவிகள். ஆர்ப் 2600, ப்ரோ-ஒன் மாதிரி. ரோலண்ட் எம்சி-4 என்ற சீக்வென்சரில் (சிந்தசைஸரைத் தானாக வாசிக்கவைக்கும் கருவி) சுரங்களை எண்ணாகத் தட்டி, ஒவ்வொரு வரியாகப் பதிவு செய்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குவார். பல சுரங்களை ஒன்றாக, கார்டாக அமுக்கி இடத்தை நிரப்புகிற வேலையே கிடையாது. அதனால் வரிகளுக்கு நடுவே நிறைய வெற்றிடம் கிடைத்தது. மொயெட் மாதிரி கனத்த, ப்ளூஸ் வாசனையுள்ள குரல் அங்கே உட்கார இடம் இருந்தது. பப்புகளில் பாடிப் பழகிய குரல் அது, கூட்டத்தின் சத்தத்தைத் தாண்டித் தெரியவேண்டிய குரல். ‘ஒன்லி யூ’ தொடங்கும்போது அந்த ஒற்றை வரி மட்டும் மெல்லிசாக ஓடுகிறதே, அதன் அழகே அதுதான். 99இன் ஆட்கள் வந்து அந்த இடத்தையெல்லாம் ஹவுஸ் என்ற நடன இசையின் டிரம்மால் அடைத்துவிட்டார்கள். தெளிந்த ரசத்தில் கடலைமாவு கரைத்து ஊற்றியது போல.

ஊசிமுனை:
அருள் சொன்னதற்குக் கையெழுத்துப் போடுகிறேன்.

தேன்மொழிக்கு ஒரு கணக்கு. 4 சிங்கிளின் பி-சைடுகள், அதாவது பின்பக்கப் பாட்டுகள்: ‘சிச்சுவேஷன்’, ‘வின்டர் கில்ஸ்’, ‘ஓட் டு பாய்’, ‘ஸ்டேட் ஃபார்ம்’. நான்கும் தொகுப்பில் உண்டு. ஏ-சைடு மட்டும் 3தான். அதாவது ‘தி அதர் சைட் ஆஃப் லவ்’ தட்டைத் திருப்பிப் போட்டால் வருகிற ‘ஓட் டு பாய்’ உள்ளே, தட்டின் முகப்புப் பாட்டு வெளியே. ஹிட் தொகுப்பு என்று சொல்லி விற்றுவிட்டு இப்படிச் செய்தால் என்ன பெயர்?

தேன்மொழி:
நல்ல காது என்று பெயர். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள், எது பாட்டு என்று தெரிந்துவிடும். அந்த முகப்புப் பாட்டை இருவருக்குமே பிடிக்காது என்பது ரசிகர்களுக்குத் தெரிந்த சங்கதி. தன் பெயரில் வரும் தொகுப்பில் தனக்குப் பிடிக்காததை விட்டுவிடும் உரிமை பாடியவருக்கு இல்லையா? மொயெட் அந்த விஷயத்தில் ஆரம்பத்திலிருந்தே கறார். இரண்டாவது ஆல்பத்தில் ‘ஹேப்பி பீப்பிள்’ பாடமாட்டேன் என்று சொல்லிவிட்டார், கடைசியில் கிளார்க்கே பாடவேண்டியதாயிற்று. அதையும்தான் தொகுப்பில் சேர்க்கவில்லை. அதற்கு யாரும் கொடி பிடிக்கவில்லையே?

அனலாக் அருள்:
‘ஹேப்பி பீப்பிள்’ ஆல்பத்தில் இருக்கிறது. வேண்டியவர் அங்கே போய்க் கேட்டுக்கொள்ளலாம். ‘தி அதர் சைட் ஆஃப் லவ்’ கதை வேறு. அது இரண்டு ஆல்பங்களுக்கும் நடுவில் தனியாக வந்த சிங்கிள், பிரிட்டனில் வந்த எல்பி எதிலும் இல்லை. வீடில்லாத அந்த மாதிரிப் பாட்டுக்கு இடம் தரத்தானே தொகுப்பு என்ற ஏற்பாடே இருக்கிறது? காசு கொடுத்து வாங்கி 13க்கு ஏற்றிவிட்டவர்களுக்கும் அதில் கொஞ்சம் பாத்தியதை உண்டு. பாட்டு சுமார்தான், அதில் சண்டையில்லை.

ரீமிக்ஸ் பற்றியும் ஒன்று. மொத்தமாக எதிர்க்கவில்லை. ‘சிச்சுவேஷன்’ பிரிட்டனில் ‘ஒன்லி யூ’வின் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்த பி-சைடு. அமெரிக்கக் கிளப்களில் அதுவே நாயகன், ஃபிரான்ஸ்வா கெவோர்க்கியன் கைபட்ட மிக்ஸ் அங்கே நடனப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்த ஊரில் இவர்கள் பெயரே யாஸ்தான். யாஸூ என்ற பெயரில் ஒரு ப்ளூஸ் ரெக்கார்டு கம்பெனி அங்கே ஏற்கெனவே இருந்ததால் சட்டச் சிக்கல். தொகுப்பில் வருவது கிளப்புக்கான அந்த அமெரிக்க 12 அங்குலத் தட்டு மிக்ஸ். அதை வைத்தது சரி, ஏனென்றால் அது அந்தக் காலத்தில் வாழ்ந்த ரூபம். 99இன் ரீமிக்ஸ்களுக்கு அந்த யோக்கியதை கிடையாது.

மூன்றாம் பக்கம்:
புதியவன், குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு ‘ஒன்லி யூ’வே ஃப்ளையிங் பிக்கெட்ஸ் பாடியதன் வழியாகத்தான் தெரியும், வாத்தியமே இல்லாமல் வாயாலேயே பாடுவார்களே. யாஸூ பாட்டு என்று பிறகுதான் தெரிந்தது. என்னைப் போன்றவனுக்குத் தொகுப்பு வசதிதானே?

ஊசிமுனை:
வாங்க தம்பி. அந்த வாய்ப்பாட்டு 1983 கிறிஸ்துமஸ் நேரத்தில் பிரிட்டனில் முதலிடம். யாஸூவின் சொந்தப் பதிவு 2இல் நின்றுவிட்டது. அந்தக் கிறிஸ்துமஸுக்குள் குழுவே கலைந்துபோயிருந்தது, பாவம்.

வசதி என்று நினைத்துத் தொகுப்புக்குப் போகாதீர்கள். காரணம் சொல்கிறேன். ‘அப்ஸ்டேர்ஸ் அட் எரிக்ஸ்’ 1982 ஆகஸ்டில் வந்தது. எரிக் என்பவர் எரிக் ராட்கிளிஃப், லண்டனில் ஒரு பழைய தேவாலயத்துக்குள் இருந்த பிளாக்விங் ஸ்டூடியோக்காரர். அந்த ஆல்பத்தில் இரண்டு பேர் ஒருவரையொருவர் ஆழம் பார்ப்பது கேட்கும். அடுத்த ஆண்டின் ‘யூ அண்ட் மீ போத்’ வருவதற்குள் இருவரும் ஸ்டூடியோவில் ஒன்றாக இருப்பதே அபூர்வம் என்றாகிவிட்டது. அட்டையில் இரண்டு டால்மேஷியன் நாய்கள் சண்டை போடுகின்றன, தலைப்போ ‘நீயும் நானும்’ என்கிற மாதிரி! அந்த ஆல்பம் முதலிடம் பிடித்தபோது குழு இல்லை. தொகுப்பு இரண்டு ஆண்டுப் பாட்டுகளையும் கலைத்து அடுக்குகிறது. ‘ஒன்லி யூ’, உடனே ‘ஓட் டு பாய்’, உடனே ‘நோபடிஸ் டைரி’. நெருக்கமும் விலகலும் ஒரே தட்டில் கலந்து, எது எப்போது என்றே தெரியாமல் போகிறது.

தேன்மொழி கேட்கிற மொயெட்டின் பெருமைக்கும் இது தேவையில்லை. அவருடைய ‘சிங்கிள்ஸ்’ தொகுப்பு 1995இலேயே வந்து முதலிடம் பிடித்தது. யாஸூ பாட்டும் அதில் உண்டே.

தேன்மொழி:
உண்டு, தனிப்பாடகி மொயெட்டின் முன்கதையாக. அந்தத் தட்டைக் கேட்பவருக்கு யாஸூ ஒரு பயிற்சிக் கூடம், உண்மையான வேலை அவருடைய முதல் தனி ஆல்பமான ‘ஆல்ஃப்’பில் தொடங்கியது என்றுதான் தோன்றும். கிளார்க் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு யாஸூ என்பது டிபெஷ் மோடுக்கும் அவருடைய பிற்காலக் குழுவான இரேஷருக்கும் நடுவில் வருகிற பஸ் நிறுத்தம். யாஸூ யாஸூவாகவே நிற்கிற தட்டு என்று ஒன்று வேண்டுமா வேண்டாமா?

சண்டைக் கதை தெரிந்து கேட்டால் ஒரு சுகம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பாட்டு அந்தக் கதைக்குச் சாட்சி சொல்லப் பிறந்தது இல்லை. ‘ஓட் டு பாய்’ 1982இலேயே வெளிவந்த பாட்டு, பிறகுதான் இரண்டாவது ஆல்பத்தில் சேர்ந்தது. உங்கள் நெருக்கம்-விலகல் கோட்டில் அதை எங்கே வைப்பீர்கள்?

ஊசிமுனை:
நடுவில் வைப்பேன். இப்போதைக்கு.

அனலாக் அருள்:
மூன்றாம் பக்கத்துக்கு உபயோகமாக ஒன்று சொல்லிவிடலாம். 2008இல் இருவரும் மறுபடி சேர்ந்து கச்சேரி செய்தார்கள், இரண்டாவது ஆல்பத்தை மேடையேற்றாமலே பிரிந்ததால் அந்தக் கடன் பாக்கி இருந்தது. அதையொட்டி ‘இன் யுவர் ரூம்’ என்று ஒரு பெட்டி வந்தது. இரண்டு ஆல்பமும் முழுசாக, பி-சைடு, பழைய மிக்ஸ்கள், கூடவே வீடியோ டிவிடி. அது கிடைத்தால் இந்த வழக்கே தள்ளுபடி. கிடைக்காவிட்டால் ‘எரிக்ஸ்’ தனியாக வாங்குங்கள். தொகுப்பு மூன்றாவது சாய்ஸ், அதுவும் கடைசி ரீமிக்ஸ்கள் வரும்போது எழுந்து நிறுத்திவிடுகிறவராக இருந்தால்.

தேன்மொழி:
தொகுப்பு இரண்டாவது. மற்றபடி அருள் சொன்னது சரி.

மூன்றாம் பக்கம்:
பெட்டி விலை கட்டுப்படியாகவில்லை, ‘எரிக்ஸ்’ கேட்க ஆரம்பித்தேன். ‘டோன்ட் கோ’ அபாரம். ஆனால் நாலாவதாக ‘ஐ பிஃபோர் ஈ’ என்று தொடங்குகிற ஒன்று வருகிறது. பேச்சுக்குரலாக வெட்டி வெட்டி ஒட்டியிருக்கிறது, பாட்டே வரவில்லை. என் தட்டு பழுதா?

அனலாக் அருள்:
பழுதில்லை, அது அப்படித்தான். பொறுத்துக்கொண்டால் அடுத்து ‘மிட்நைட்’.

ஊசிமுனை:
அதைத் தொகுப்பில் சேர்க்காததற்கு மட்டும் எனக்கும் ஆட்சேபணை இல்லை.