லோட் லிஃப்டரை வெட்டலாமா? ஜான் மியூர் டிரெயிலுக்கான முதுகுப்பை

மலைநாடன்:
"லோட் லிஃப்டர் வெறும் அலங்காரம். ஜான் மியூர் டிரெயில் போகிறவர்கள் 60 லிட்டர் பையில் அதை வெட்டி எறியலாம்" என்று பக்கத்து இழையில் கிராம்கணக்கு எழுதியிருக்கிறார். லோட் லிஃப்டர் என்பது தோள்வாரிலிருந்து பையின் உள்சட்டகத்து உச்சிக்கு ஏறும் சின்ன நாடா; பையின் தலையை முதுகோடு இழுத்துப் பிடிக்கும். புதிதாகப் பை வாங்கியவர்கள் இதை நம்பிக் கத்திரிக்கோல் எடுப்பதற்குள் கணக்கைப் பார்ப்போம். கலிஃபோர்னியா மலைகளில் போகும் இந்த நடைபாதை மொத்தம் 340 கி.மீ. தெற்கு நோக்கிப் போகும்போது வழியிலுள்ள மியூர் டிரெயில் ராஞ்ச் என்ற தங்குமிடத்தில் உணவு நிரப்பினால், தெற்கே இறங்கி முடிக்கும் விட்னி போர்ட்டல் வரை இன்னும் சுமார் 175 கி.மீ. நாளுக்கு 800 கிராம் வீதம் எட்டு நாள் உணவு 6.4 கிலோ. கரடியால் திறக்க முடியாத 11.5 லிட்டர் உணவு டப்பா காலியாகவே 1.16. தண்ணீர் 2. கூடாரம், தூக்கப்பை, துணிமணி 6. ஆக பதினைந்தரை கிலோ. இந்தச் சுமையில் லோட் லிஃப்டர் இல்லாவிட்டால் பையின் தலை பின்னால் சாயும், தோள்வார் தோளின் முன்பக்கத்தை அறுக்கும்.

கிராம்கணக்கு:
அந்த நாடா தோளிலிருந்து 45 டிகிரி வாக்கில் ஏறினால்தான் வேலை செய்யும். கடையில் தொங்கும் பைகளை மாட்டிப் பாருங்கள். பாதிப் பைகளில் அது தோளுக்குச் சமமாகப் படுத்துக் கிடக்கும். படுத்த நாடா எதையும் தூக்காது. எங்கே ஐயா அந்த 45 டிகிரி?

மலைநாடன்:
நாடா படுத்திருந்தால் அளவு தப்பு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை முதுகோடு டேப் பிடியுங்கள். அதுதான் உங்கள் அளவு, உயரம் அல்ல. தோள்வார் நகரும் பையானால் அதைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள், கோணம் தானாக எழும். மாட்டும் வரிசையும் முக்கியம். எல்லா நாடாவையும் தளர்த்தி, முதலில் ஹிப் பெல்ட்டின் நடுப்பகுதி இடுப்பெலும்பின் மேல் உட்காரும்படி இறுக்கவும். பிறகு தோள், பிறகு மார்பு. லோட் லிஃப்டர் கடைசியில், லேசாக. ஓங்கி இழுத்தால் தோள்வார் தோளை விட்டு எழும்பி அக்குளில் குத்தும். அதைப் பார்த்துத்தான் பலர் நாடாவைப் பழிக்கிறார்கள்.

ஊசிநூல்:
வெட்டுவதா வேண்டாமா என்று நீங்கள் பேசுங்கள். எடுப்பதானால் நாடா முனையில் நெருக்கிப் போட்ட பார்டேக் தையலைத் தையல் பிரிப்பானால் பிரித்து எடுங்கள், பிறகு திரும்பத் தைக்க முடியும். கத்திரித்தால் 20 மி.மீ. நாடாவின் மிச்சம் தையலுக்குள் மாட்டிக்கொள்ளும். திரும்பத் தைக்க டெக்ஸ் 70 தடிமனில் பாண்டட் நைலான் நூல், 100-ஆம் எண் ஊசி. பருத்தி நூல் ஈரத்தில் மக்கிப்போகும். நாடாவைத் துணியின் நடுவில் தைக்காதீர்கள், இழுப்பு முழுதும் ஊசித்துளைகளில் விழுந்து துணி கிழியும். பின்னால் 500 டெனியர் கார்டுரா என்ற தடித்த நைலான் ஒட்டுத்துணி வைத்து, அதன் ஓரத்தைப் பையின் மேல்தையலோடு சேர்த்துப் பிடியுங்கள்.

கிராம்கணக்கு:
அக்கா, நல்ல தையல். ஆனால் 45 டிகிரிக்குப் பதில் வரவில்லை. நாடா மாட்டும் இடம் தோளைவிட 5 செ.மீ.யாவது மேலே இருக்க வேண்டும். சட்டகம் அவ்வளவு உயராத பையில் அது வெறும் 30 கிராம் பாரம்.

மலைநாடன்:
அதைத்தானே நானும் சொல்கிறேன்! சட்டகம் உயரமான பையை வாங்குங்கள். 48 செ.மீ. முதுகுக்கு 61 செ.மீ. அலுமினியப் பட்டை வைத்த பை போதும். நீங்கள் எழுதியது "60 லிட்டர் பையில் வெட்டி எறியலாம்". எந்தச் சட்டகம் என்று ஒரு வார்த்தை இல்லை.

தெற்குச்சரிவு:
11.5 லிட்டர் டப்பாவில் எட்டு நாள் உணவு அடங்காது. உங்கள் கணக்கே கோணல்.

மலைநாடன்:
முதல் நாள் உணவு இரவுக்குள் தீர்ந்துவிடும், அதை வெளியே வைத்து நடக்கலாம். மீதி ஏழு நாளுக்கு நெய், வேர்க்கடலை, பொடித்த நூடுல்ஸ் என்று அடர்த்தியாக அடைத்தால் மூடி மூடும். டப்பாவைப் பையின் நடுவில், முதுகை ஒட்டி, நிமிர்த்தி வையுங்கள். பைக்கு மேலே கட்டினால் பாரம் பின்னுக்கு இழுக்கும், அப்போது லோட் லிஃப்டர் இல்லாதவர் தவிப்பார்.

தெற்குச்சரிவு:
மழை உறை விவாதத்திலும் இப்படித்தான் கடைசி வார்த்தை உங்களுடையதாக இருக்க வேண்டும் என்று நின்றீர்கள்.

மலைநாடன்:
அங்கே சொன்னதில் இப்போதும் மாற்றமில்லை. உறை முதுகுப் பக்கத்தை மூடாது, தண்ணீர் அந்த வழியாக இறங்கும். உள்ளே ஒரு தடித்த பிளாஸ்டிக் பை போதும்.

ஊசிநூல்:
தையலுக்குப் பசையும் பூசுங்கள். சிலிக்கோன் பூச்சுத் துணிக்குச் சிலிக்கோன் பசை, பாலியூரித்தேன் பூச்சுக்குப் பாலியூரித்தேன் பசை. மாற்றிப் பூசினால் உரிந்து வரும்.

கிராம்கணக்கு:
மழை, பசை எல்லாம் வந்துவிட்டது. சட்டகமே இல்லாத பையில், மடித்த ஃபோம் பாயை முதுகில் செருகி 9 கிலோ தூக்குகிறவருக்கு லோட் லிஃப்டர் எதற்கு? 45 டிகிரி எங்கிருந்து வரும்?

மலைநாடன்:
9 கிலோவுக்கு வேண்டாம், யார் கேட்டார்கள்? ராஞ்சை விட்டுக் கிளம்பும்போது பதினைந்தரை. கணக்கு மேலே இருக்கிறது, எந்த வரி தப்பு என்று காட்டுங்கள்.

கிராம்கணக்கு:
6 கிலோ என்ற வரி. அதை 4 ஆக்குங்கள்.

மலைநாடன்:
ஆக்கினாலும் பதின்மூன்றரை. ஃபோம் பாய் அங்கே கூன் போட்டுவிடும், டப்பாவின் விளிம்பு முதுகில் அழுத்தும்.

கிராம்கணக்கு:
45 டிகிரி?