மேலத்தெரு குடும்ப குரூப்: எதிர்வீட்டுப் பெண்ணுக்கு ஒரு குலவை

வெள்ளி

டியர்பார்ன் அக்கா (மாலை 6:42): [படம்]
இந்தத் துண்டில் என்ன தப்பு, யாராவது சொல்லுங்கள் பார்ப்போம்.

திருச்சி அத்தை: பொன்னாடையா? யாருக்கு? மாப்பிள்ளைக்கு ரிட்டயர்மென்டா?

டியர்பார்ன் அக்கா: அவர் எங்கே ரிட்டயர் ஆகிறார் அத்தை! இங்கே அமெரிக்காவில் எங்கள் எதிர்வீட்டு லெபனான்காரர் வீட்டுப் பெரிய பெண்ணுக்கு. நாளை ராத்திரி அவள் இருக்கிற அரபிப் பெண்களின் சொராரிட்டியில் விருந்து வைத்து மரியாதை செய்கிறார்கள். நல்ல படிப்பு, ஊருக்குச் செய்த வேலை, இரண்டுக்கும் சேர்த்து. அடுத்த வாரம் பட்டமளிப்பிலும் இதைத்தான் கழுத்தில் போட்டுக்கொள்வாள். ஒரு பக்கம் ஆங்கிலத்தில் பேர், மறுபக்கம் அரபியில்.

பெரியப்பா: சொராரிட்டி என்றால் லேடீஸ் ஹாஸ்டலா அம்மா?

நான்: அரபி எழுத்து பிரிந்து பிரிந்து நிற்கிறதே. சேர்ந்துதானே வரும்?

டியர்பார்ன் அக்கா: கெட்டிக்காரன்டா தம்பி. கை கோத்து நிற்க வேண்டிய எழுத்துகளை அச்சடித்த கடைக்காரன் தனித்தனியாகப் பிரித்துவிட்டான். போதாததற்கு இடமிருந்து வலமாக வேறு அடுக்கியிருக்கிறான். பேர் கடைசி எழுத்திலிருந்து தொடங்குகிறது.

பெரியப்பா: உன் சித்தப்பா கல்யாணப் பத்திரிகை ஞாபகம் இருக்கிறதா? ஃபான்ட் மாறி, கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் ஓடிவிட்டன. பொன்னம்மாள் என்ற பேரைப் படிக்கப் பெண் வீட்டார் மூக்குக்கண்ணாடி தேடினார்கள்.

திருச்சி அத்தை: அதை ஏன் இப்போது கிளறுகிறீர்கள் அண்ணா 😂

டியர்பார்ன் அக்கா: அவள் அம்மா முதலில் சிரித்தாள். அப்புறம் அடுப்படியில் நின்று அழுதாள். மறுபடியும் அச்சடிக்க நேரமில்லை. அதனால் அச்சின் மேல் பச்சைத் துணியை ஒட்டு வைத்துவிட்டோம். அவள் சாக்பீஸால் பேரை எழுதித் தருகிறாள், நான் அதன் மேல் சங்கிலித் தையல் போடுகிறேன். எந்த எழுத்து எங்கே முடிகிறது என்றே எனக்குத் தெரியாது. கோடு போகிற வழியில் ஊசி போகிறது.

திருச்சி அத்தை: அப்பத்தா கேட்கிறாள்: இரட்டை நூலா, ஒற்றை நூலா?

டியர்பார்ன் அக்கா: இரட்டைதான். அவளிடம் கற்றது வீண் போகவில்லை என்று சொல்லுங்கள்.

பாப்பா: பெரிய தாத்தா, சொராரிட்டி ஹாஸ்டல் இல்லை. காலேஜ் பெண்கள் சேர்ந்து நடத்தும் சங்கம். சிலவற்றுக்குத் தங்குகிற வீடும் உண்டு, பலவற்றுக்குக் கிடையாது. லத்தீனில் சொரோர் என்றால் சகோதரி. 1874-ல் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய காமா ஃபை பீட்டாவுக்காகத்தான் அந்தச் சொல்லையே உண்டாக்கினார்கள்.

பெரியப்பா: லத்தீன் சொல், கிரேக்கப் பேர், அரபிப் பெண், அமெரிக்கக் காலேஜ். பலே.

திருச்சி அத்தை: அரபிப் பெண்களுக்கு மட்டும் தனியாகவா? நம் ஊர் சாதிச் சங்கம் மாதிரி இருக்கிறதே.

பாப்பா: பாட்டி, கேள்வி சரிதான். ஆனால் கதவை முதலில் சாத்தியது யார் என்று பார்க்க வேண்டும். வெள்ளைக்காரப் பெண்களின் சங்கங்களில் கறுப்பினப் பெண்களுக்கு இடம் கிடைக்காத காலத்தில், 1908-ல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் அவர்கள் தொடங்கியது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா. கமலா ஹாரிஸ் அதில்தான் இருக்கிறார்.

பெரியப்பா: யார், நம் துளசேந்திரபுரத்துப் பேத்தியா? மன்னார்குடிப் பக்கம். நான் அந்த வழியாகப் பஸ்ஸில் போயிருக்கிறேன்.

நான்: பெரியப்பா இனி அந்தச் சங்கத்தில் கௌரவ உறுப்பினர்.

பாப்பா: 😂 இந்திய, பாகிஸ்தான் வீட்டுப் பெண்களுக்கு டெல்டா ஃபை ஒமேகா இருக்கிறது, 1998-ல் ஹூஸ்டனில் தொடங்கியது. முஸ்லிம் பையன்கள் 2013-ல் டல்லாஸ் பக்கம் ஆல்ஃபா லாம்டா மூ தொடங்கினார்கள். அந்தக் கிரேக்க எழுத்துகள் அரபியில் அலிஃப் லாம் மீம். குர்ஆனில் சில அத்தியாயங்கள் அந்த மூன்று எழுத்துகளோடுதான் தொடங்கும்.

நான்: அடேயப்பா, பேர் வைத்தவன் கில்லாடி.

டியர்பார்ன் அக்கா: இவள் சேருகிறேன் என்றபோது அம்மாக்காரி ஒரு மாதம் பேசவில்லை. சொராரிட்டி என்றாலே குடியும் கூத்தும் என்று அவளுக்கு நினைப்பு. இதில் குடி கிடையாது, ரமலானில் எல்லாரும் சேர்ந்து நோன்பு திறப்பார்கள் என்று தெரிந்த பிறகுதான் இறங்கி வந்தாள்.

திருச்சி அத்தை: சரி, ஊருக்கு என்ன செய்தாளாம்?

டியர்பார்ன் அக்கா: கடிதம் படித்தாள் அத்தை.

திருச்சி அத்தை: அவ்வளவுதானா?

டியர்பார்ன் அக்கா: நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். சனிக்கிழமை காலையில் லைப்ரரியில் ஒரு மேஜை போட்டு உட்காருவாள். நான்கு வருடமாக. ஆங்கிலம் வராத பெரியவர்கள் வருவார்கள். ஒரு ஏமன்காரத் தாத்தா மளிகைக்கடைப் பையில் பிரிக்காத கவர்களாகக் கொண்டுவந்து கொட்டினார். கரண்ட் பில், ஆஸ்பத்திரி பில், ஏதோ ஆபீஸ் நோட்டீஸ் எல்லாம் கலந்து. இவள் ஒவ்வொன்றாகப் பிரித்து, தேதிவாரியாக அடுக்கி, அரபியில் சொல்லி, பதில் எழுத வேண்டியதை மட்டும் தனியே வைத்தாள். விளம்பரத்தைக்கூடத் தூக்கிப் போடவில்லை. "இது வேண்டாம் ஜித்தோ" என்று அவர் கையிலேயே கொடுத்து, அவரையே கிழிக்கச் சொன்னாள். ஜித்தோ என்றால் தாத்தா.

பெரியப்பா: அந்தக் காலத்தில் என் அப்பா தபாலாபீஸ் திண்ணையில் மணியார்டர் ஃபாரம் எழுதிக் கொடுப்பார். அதே வேலை.

டியர்பார்ன் அக்கா: ஃபாரம் என்றதும் ஞாபகம் வருகிறது. இங்கே இனம் கேட்கும் கட்டத்தில் அரபு மக்கள் இத்தனை காலமும் "வெள்ளையர்" என்று டிக் அடிக்க வேண்டும்.

பெரியப்பா: அது எப்படி?

பாப்பா: அரசாங்க விதி அப்படி. மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்கா எல்லாம் வெள்ளையர் கணக்கு. 2024 மார்ச்சில்தான் தனிக் கட்டம் வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். 2020 கணக்கெடுப்பில் எந்த வம்சாவளி என்று எழுத ஒரு கோடு விட்டிருந்தார்கள். டியர்பார்னில் சுமார் 1,10,000 பேர். அதில் பாதிக்கு மேல் அந்தக் கோட்டில் லெபனான், ஏமன், ஈராக் என்று எழுதியவர்கள்தான்.

டியர்பார்ன் அக்கா: அவள் தாத்தா இங்கே ஃபோர்டு ரூஜ் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். அவரும் சாகும்வரை ஃபாரத்தில் வெள்ளைக்காரர்தான். தெருவில் யாரும் அப்படி நினைத்ததில்லை.

பெரியப்பா: வாழ்த்துரை ஒன்று எழுதித் தரட்டுமா? மூன்று பக்கம் வரும்.

டியர்பார்ன் அக்கா: எனக்கு இரண்டு நிமிடம்தான் பெரியப்பா. அக்கம்பக்கத்தார் சார்பில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஏமன் தாத்தா பையைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

திருச்சி அத்தை: அப்பத்தா குரல் செய்தி அனுப்புகிறாள், நகருங்கள்.

[குரல் செய்தி 0:14]

நான்: இது குலவை!

திருச்சி அத்தை: நல்ல காரியத்துக்குப் பேச்சு எதற்கு, இதைப் போடச் சொல் என்கிறாள். பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போட்டாள்.

ஞாயிறு

டியர்பார்ன் அக்கா (காலை 8:55): [படம்] [படம்] [படம்]
இப்போதுதான் வீட்டுக்கு வந்தோம். இங்கே ராத்திரி பதினொன்றரை.

நான்: துண்டு பிரமாதம் அக்கா. பச்சையில் தங்க நூல்.

டியர்பார்ன் அக்கா: கிட்டே பார்க்காதே. கடைசி எழுத்தின் புள்ளி ஒன்று ராத்திரி ஒரு மணிக்கு வைத்தது, கோணல்.

பெரியப்பா: மேடையில் என்ன சொன்னார்கள்?

பாப்பா: சங்கத்துத் தலைவி படித்தது மூன்று வரி. மீதி எல்லாம் அந்த மேஜைக்கு வந்தவர்கள் பேசினார்கள். அப்புறம், அவளுக்கு யூனிவர்சிட்டியில் சும்மா கும் லாடே. படிப்பில் உச்ச மரியாதை.

திருச்சி அத்தை: சும்மாவா? கஷ்டப்பட்டுப் படித்த பெண்ணுக்குச் சும்மா என்றா பட்டம் கொடுக்கிறார்கள்?

பெரியப்பா: லத்தீனில் சும்மா என்றால் உச்சம் தங்கையே. உச்சத்துப் பாராட்டோடு என்று அர்த்தம்.

திருச்சி அத்தை: அப்படியானால் நம் வீட்டில் பாதிப் பேர் உச்சத்தில்தான் இருக்கிறார்கள்.

நான்: 🙏🙏 என்னைப் பார்த்துச் சொல்லாதீர்கள் அத்தை.

டியர்பார்ன் அக்கா: ஏமன் தாத்தா வந்திருந்தார். கோட்டு போட்டுக்கொண்டு, கையில் அதே மளிகைப் பை. பிரித்தால் உள்ளே பேரீச்சம்பழப் பெட்டி. அவள் அப்போதுதான் அழுதாள். பட்டயம் வாங்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

திருச்சி அத்தை: அப்பத்தா விஷயம் என்ன ஆயிற்று? காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

டியர்பார்ன் அக்கா: அதைச் சொல்லத்தான் வந்தேன். நான் பேசி முடித்ததும் போனை மைக்கில் வைத்து அப்பத்தா குலவையைப் போட்டேன். ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. அப்புறம் அவளுடைய பாட்டி, சக்கர நாற்காலியில் இருக்கிறவள், வாயருகே கையை வைத்து அப்படியே பதில் போட்டாள். இவர்கள் அதை ஜக்ரூத்தா என்கிறார்கள். கல்யாணத்துக்கும் பாஸானதற்கும் போடுவார்களாம். ஒரு கிழவி தொடங்கினால் மற்றவர்கள் விடுவார்களா? ஹாலே அதிர்ந்தது.

[குரல் செய்தி 0:31]

நான்: அக்கா, இது நம் ஊர் நடவில் கேட்ட மாதிரியே இருக்கிறது. நாக்குதான் கொஞ்சம் வேகம்.

பெரியப்பா: அந்த அம்மாள் யாருடைய குரல் என்று கேட்டாளா?

டியர்பார்ன் அக்கா: கேட்டாள். என் பாட்டி, வயது 88 என்றேன். தனக்கு 84தானாம். மூச்சில் அவள்தான் ஜெயித்தாள் என்று ஒத்துக்கொண்டாள்.

திருச்சி அத்தை: அப்பத்தா ஒத்துக்கொள்ளவில்லை. அந்த அம்மாளுடையதுதான் நீளமாம். காதில் போனை வைத்து மூன்று தடவை கேட்டாகிவிட்டது. இப்போது பல் செட்டை மறுபடியும் கழற்றுகிறாள்.

[குரல் செய்தி 0:22]