பழைய ஸ்டூடியோ கேமரா: யஷிகாவா, மாமியாவா?

பொகவந்தலாவைத் தம்பி
வணக்கம். ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவை மூடுகிறார்கள். யஷிகா மேட் 124ஜி ஒன்றும், 127 மி.மீ. லென்ஸோடு மாமியா ஆர்பி67 ஒன்றும் விலைக்கு இருக்கின்றன, இரண்டும் பிலிம் கேமரா. மாமியாவுக்கு இரண்டு மடங்கு விலை சொல்கிறார்கள். அம்மாயியையும் அவரோடு தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர்களையும் கறுப்பு வெள்ளையில் எடுக்க ஆசை. இதுவரை டிஜிட்டல்தான். யஷிகாவில் மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ், அதில் மேல் லென்ஸில் நூல் நூலாக ஏதோ தெரிகிறது. எதை வாங்கலாம்?

கொட்டகலை அண்ணன்
தம்பி, கீழ் லென்ஸ் சுத்தமாக இருந்தால் யஷிகாவை எடுங்கள். மேல் லென்ஸ் நாம் பார்ப்பதற்கு மட்டும்தான். படம் பதிவது கீழே. மேலே இருக்கிற பூஞ்சணம் நெகட்டிவைத் தொடாது, அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம்.

பின்கதவைத் திறந்து, ஷட்டரை பி-யில் (பட்டனை அழுத்தியிருக்கும்வரை திறந்தே நிற்கும்) வைத்து, அப்பெர்ச்சரை, அதாவது லென்ஸ் துவாரத்தை, 3.5க்குத் திறந்து, பட்டனை அழுத்திப் பிடித்தபடி டார்ச் அடித்துப் பாருங்கள். தூசிக்குப் பயப்பட வேண்டாம். சிலந்தி வலை மாதிரி இழை ஓடினால் யோசியுங்கள். பூஞ்சணத்தைத் துடைக்கலாம், அது அரித்த லென்ஸ் பூச்சு திரும்பி வராது. நம்ம பக்கத்து ஈரத்தில், தோல் உறைக்குள் வருஷக்கணக்காகக் கிடந்த கேமராவில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கேமராவில் ஒளி அளக்கிற மீட்டர் ஓடாவிட்டால் விடுங்கள். அது 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்குச் செய்தது, அந்த பேட்டரி இப்போது வருவதில்லை. போனில் ஒரு மீட்டர் ஆப் போதும். ஆனால் மூடுபனியில் மீட்டர் சொல்கிறபடியே எடுத்தால் பனி சாம்பலாக விழும். ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு ஒளி, கூட்டிக் கொடுங்கள்.

நான் யஷிகா என்று சொல்வதற்குக் காரணம் வேறு. நம் அம்மாமாரை எத்தனையோ பேர் ரோட்டில் நின்றபடி நீள லென்ஸில் எடுத்துப் போயிருக்கிறார்கள். பச்சை மலையில் ஒரு நிறப்புள்ளி, அவ்வளவுதான். இந்தக் கேமராவை வயிற்றருகே பிடித்துக் குனிந்து பார்க்கிறோம், யார் முகத்துக்கும் நேராக எதையும் நீட்டுவதில்லை. ஒரு ரோலுக்கு 12 படம்தான் என்பதால் பக்கத்தில் நின்று பேசத்தான் வேண்டும். நெகட்டிவ் 56க்கு 56 மி.மீ., அதாவது 35 மி.மீ. பிலிமைப் போல மூன்றரை மடங்குக்கும் மேலான பரப்பு. கூடைக் கயிறு நெற்றியில் பதித்த தடம்கூட அதில் நிற்கும். அந்தத் தடம் படத்தில் இருக்க வேண்டும் தம்பி.

ஹப்புத்தளை அக்கா
அண்ணன் சொல்வது சரி, ஆனால் முகம் மட்டும் எடுக்க மாமியாதான். பெல்லோஸை (லென்ஸுக்குப் பின்னால் இருக்கிற மடிப்புத் துருத்தி) நீட்டிக் கிட்டப் போகலாம், லென்ஸ் பார்ப்பதையே நாமும் பார்க்கிறோம். யஷிகாவில் ஒரு மீட்டருக்குக் கிட்ட முடியாது. அந்தத் தூரத்தில் இரண்டு லென்ஸுக்கும் இடைவெளி இருப்பதால் தலை வெட்டுப்படும், கேமராவைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். ஆனால் மாமியா இரண்டரைக் கிலோவுக்கு மேல். அதைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுவது கஷ்டம்.

பிலிமை வீட்டிலேயே கழுவுவதாக இருந்தால், டெவலப்பர் (படத்தைத் தெரியவைக்கிற திரவம்) 20 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். நம்ம குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் அதைவிடக் குளிர். போத்தலைச் சுடுதண்ணீர்ப் பேசினில் வைத்து எடுங்கள்.

பொகவந்தலாவைத் தம்பி
இன்றைக்குப் போய்ப் பார்த்தேன். கீழ் லென்ஸ் தெளிவு. ஆனால் 1 செக்கனில் ஷட்டர் இழுத்துக்கொண்டு நிற்கிறது. 1/60, 1/125 நன்றாகக் கேட்கிறது.

கொட்டகலை அண்ணன்
பழைய கிரீஸ் இறுகியிருக்கும். எண்ணெய் மட்டும் விட்டுவிடாதீர்கள், அது ஷட்டர் பிளேடுக்குப் போய் ஒட்டும். வெளிச்சத்தில் உங்களுக்கு வேண்டியது 1/60உம் 1/125உம்தான், பிறகு சர்வீஸ் செய்யலாம். பணம் கொடுக்கும் முன் ஒரு ரோல் ஓட்டக் கேளுங்கள். 3.5இல் வேலிக் கம்பி ஒன்றைக் கூர்மையாக்கி எடுத்து, நெகட்டிவிலும் அதே கம்பி கூர்மையா என்று பாருங்கள். பின்னால் இருக்கிற கம்பி கூர்மையாக வந்தால் இரண்டு லென்ஸும் ஒத்துப்போகவில்லை, வாங்க வேண்டாம். வாங்கினால் தோல் உறையைக் கழற்றிவிட்டு, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.