ரெய்டு 0: இரண்டு பழைய ஹார்ட் டிஸ்க்கைச் சேர்த்தால் கேம் வேகமாகுமா?

செத்தாப்பாக்_பையன்:

வணக்கம் அண்ணன்மாரே. ஆபீசில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்தபோது 1 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு எனக்குச் சும்மாவே கிடைத்தது, இரண்டும் 7200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று). இரண்டையும் ஒரே டிஸ்க் போல இணைக்கிற ரெய்டு 0-வில் போட்டால் வேகம் இரண்டு மடங்காகும் என்று யூடியூப்பில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். என்னிடம் இருப்பது ஆறாம் தலைமுறை ஐ5, எச்110 மதர்போர்டு, 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1060. விண்டோசும் கேம்களும் ஒரே பழைய ஹார்ட் டிஸ்க்கில்தான் கிடக்கின்றன. ஜிடிஏ ஆன்லைன் திறந்துவிட்டுப் போய் மைலோ கலக்கிக் குடித்துவிட்டு வந்தாலும் இன்னும் லோடிங்தான். உள்ளே போன பிறகு காரை வேகமாக ஓட்டினால் கட்டடங்கள் மொட்டையாக நிற்கின்றன, அப்புறம் படம் அரை விநாடி அப்படியே உறைந்துபோகிறது. கையில் 200 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் இல்லை. ரெய்டு போட்டால் எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) ஏறுமா?

பழைய_பெட்டி:

எஃப்பிஎஸ் ஏறாது தம்பி, அந்த ஆசையை முதலில் விட்டுவிடுங்கள். அது சிபியூவும் கிராபிக்ஸ் கார்டும் பார்க்கிற வேலை. டிஸ்க்குக்குப் பங்கு இருப்பது லோடிங்கிலும், ஓட ஓட ஊரையே இழுத்துப் போடுகிற ஓப்பன் வேர்ல்ட் கேம்களில் வரும் அந்தத் திக்கலிலும்தான்.

யூடியூப்காரர் சொன்னது பொய் இல்லை, பாதி உண்மை. ரெய்டு 0 ஒரு கோப்பை 64 கேபி, 128 கேபி என்று துண்டு போட்டு, ஒன்றை இந்த டிஸ்க்கிலும் அடுத்ததை அந்த டிஸ்க்கிலுமாக மாற்றி மாற்றி எழுதும். பெரிய வீடியோ ஒன்றை முதலிலிருந்து கடைசி வரை படித்தால் இரண்டும் சேர்ந்து உழைக்கும், தனியாக விநாடிக்கு 150 எம்பி தருகிற டிஸ்க் ஜோடியாக 300-ஐத் தொடும், டெஸ்ட் சாஃப்ட்வேரில் அந்த எண்ணைப் பார்த்துத்தான் எல்லாரும் மயங்குகிறார்கள். ஆனால் கேம் அப்படிப் படிப்பதில்லையே. இங்கே கொஞ்சம் டெக்ஸ்சர், அங்கே ஒரு சத்தம், வேறெங்கோ ஒரு மாடல் என்று சிதறிக் கிடப்பதையெல்லாம் கேட்கும். 7200 ஆர்பிஎம் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 8.3 மில்லிவிநாடி ஆகும், வேண்டிய இடம் படிக்கிற தலைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அதில் பாதி, தலை அந்தத் தடத்துக்கு நகர இன்னும் ஒரு 8, 9. ஆக ஒவ்வொரு தேடலுக்கும் 12, 13 மில்லிவிநாடி போய்விடும், விநாடிக்கு 80 தேடல் தேறினாலே அதிகம். இரண்டு டிஸ்க் போட்டதற்காகத் தட்டு வேகமாகச் சுற்றப்போவதில்லை. சின்னக் கோப்பு ஒரே டிஸ்க்கில் அடங்கிவிடும், மற்றது சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். பெரியது என்றால் இரண்டு தலைகளில் எது பிந்தி வருகிறதோ அதற்காக மற்றது காத்திருக்கும். ஒரே நேரத்தில் பல கோரிக்கைகள் வரிசையில் நின்றால் இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும், சர்வரில் அதற்கு மதிப்பு உண்டு, கேமோ பெரும்பாலும் ஒன்றை வாங்கிக்கொண்டுதான் அடுத்ததைக் கேட்கிறது. சுற்றுகிற தட்டே இல்லாத சாதாரண சாட்டா எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க் மாட்டுகிற அதே சாட்டா கேபிளில் மாட்டுவது) இதே தேடலை 0.1 மில்லிவிநாடி அளவில் முடித்துவிடும்.

இன்னொன்று. 1988-இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்டு பற்றி எழுதிய கட்டுரையில் 1 முதல் 5 வரைதான் உண்டு, 0 கிடையாது. ஒரு டிஸ்க் செத்தாலும் டேட்டா பிழைக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கணக்கு. 0-வில் ஒன்று போனால் இரண்டிலும் உள்ளது போச்சு. ஆபீசில் ஓடி ஓடிக் கழித்த டிஸ்க்குகளை நம்பி அதில் இறங்க எனக்கு மனம் வராது.

பட்டர்வொர்த்_கேமர்:

அண்ணன் சொல்வது தியரிப்படி சரி, ஆனால் இவ்வளவு பயமுறுத்த வேண்டாம். ஸ்டீம் கேம்களுக்கு மட்டும் நான் இப்படித்தான் இரண்டு டிஸ்க்கை ஓட்டுகிறேன். எல்லாவற்றையும் பெரிய பெரிய பேக் கோப்புகளாகக் கட்டி வைத்திருக்கும் பழைய கேம்களில் லெவல் லோடாகிற நேரம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குறையும். டிஸ்க் செத்தால்தான் என்ன, 100 ஜிபி கேம் 300 எம்பிபிஎஸ் ஃபைபரில் முக்கால் மணி நேரத்தில் திரும்ப இறங்கிவிடும். சேவ் கோப்பு மட்டும் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் சி டிரைவில் டாக்குமென்ட்ஸிலோ ஆப்டேட்டாவிலோ இருக்கும்.

செய்வதென்றால் பயாஸில் ரெய்டு மோடைத் தேடாதீர்கள், எச்110 சிப்செட்டில் அது கிடையாது. விண்டோசிலேயே ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் இருக்கிறது, அதில் சிம்பிள் என்பதை எடுத்தால் இரண்டிலும் பிரித்து எழுதும், டிஸ்க்கில் ஏற்கெனவே உள்ளது எல்லாம் அழிந்துவிடும். அதற்கும் முன்னால் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டு 05, சி5 என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். முன்னது கெட்டுப்போனதால் மாற்றி வைத்த செக்டார் (டிஸ்க்கின் ஒரு சின்னத் துண்டு), பின்னது படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டார். இரண்டிலும் பூஜ்ஜியம் இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த டிஸ்க்கை ஒதுக்கிவிடுங்கள்.

ரெய்டே வேண்டாம் என்றால் காசில்லாத வழி ஒன்று உண்டு. தட்டின் வெளி ஓரத்தில் ஒரு சுற்றுக்கு அதிக டேட்டா அடங்கும், உள் ஓரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம். டிஸ்க்கின் ஆரம்பத்திலேயே 300 ஜிபிக்கு ஒரு பார்ட்டிஷன் போட்டு கேமை அதில் மட்டும் வையுங்கள், தலை அலைகிற தூரமும் குறையும்.

கெப்போங்_வாசி:

கேஎல்லில் சாயங்காலம் இடி இடித்தால் வீட்டில் கரண்ட் ட்ரிப் ஆவது சாதாரணம், அதை யாரும் சொல்லவில்லை. எழுத வேண்டியதை முதலில் மெமரியில் தேக்கி வைக்கிற ரைட் கேஷை ஆன் செய்து வைத்த ரெய்டில் கேம் அப்டேட் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கோப்பு கெட்டுப்போகலாம். யூபிஎஸ் இல்லாமல் வேண்டாம் லா. யூபிஎஸ்ஸுக்குப் போடுகிற காசில் எஸ்எஸ்டியே வாங்கலாம்.

செத்தாப்பாக்_பையன்:

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டுப் பார்த்தேன். ஒன்று நீலம், குட். மற்றதில் சி5 வரியில் ஏதோ எண் இருக்கிறது, மேலே மஞ்சளில் காஷன் என்று காட்டுகிறது. சரி, ரெய்டு கதை முடிந்தது. எஸ்எஸ்டி என்றால் சாட்டாவா, அதைவிட வேகமான என்விஎம்இ-யா?

பழைய_பெட்டி:

எச்110 போர்டுகள் பலவற்றில் என்விஎம்இ மாட்டுகிற எம்.2 ஸ்லாட்டே இருக்காது, இல்லையென்றால் சாட்டாதான். கேமில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வராது, ஏனென்றால் சுருக்கி வைத்த டேட்டாவை விரித்துக் கொடுப்பது சிபியூ, உங்கள் ஐ5 அங்கேயே மூச்சு வாங்கும். ஜிடிஏ ஆன்லைன் கதை தெரியுமா? அதன் லோடிங் பல வருடம் எல்லாரையும் வாட்டியது, 2021-இல் வெளியாள் ஒருவர் குடைந்து பார்த்தால், 10 எம்பி அளவு ஜேசன் என்ற வகை டெக்ஸ்ட் கோப்பு ஒன்றைப் படிக்கிற கோட் மோசமாக இருந்ததால் சிபியூவின் ஒரே கோர் நிமிடக்கணக்கில் மாட்டிக்கொண்டு கிடந்தது தெரிந்தது. கேமைச் செய்த ராக்ஸ்டார் அதை ஏற்று அந்த மார்ச்சிலேயே அப்டேட் விட்டது. டிஸ்க்கை எவ்வளவு மாற்றினாலும் அது தீர்ந்திருக்காது.

அதனால் வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டுங்கள், படம் உறைகிற நேரத்தில் ஆல்ட் டேப் அடித்துப் பாருங்கள். மெமரி 90-க்கு மேலே போய் டிஸ்க்கும் 100-இல் நின்றால், ராம் போதாமல் விண்டோஸ் பேஜ் ஃபைலை (ராமில் அடங்காததை வைக்கும் கோப்பு) ஹார்ட் டிஸ்க்கில் தேய்த்துக்கொண்டிருக்கிறது. 8 ஜிபிக்கு அது நடக்கக்கூடியதுதான். அப்படியிருந்தால் 200 வெள்ளியைப் பிரித்து, எஸ்எஸ்டி ஒன்றும் பழைய 8 ஜிபி ராம் ஒன்றும் எடுக்கப் பாருங்கள். எச்110-இல் டிடிஆர்3 போடுகிற போர்டும் உண்டு, சிபியூ-இசட் என்ற சாஃப்ட்வேரைப் போட்டு உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள். கேஎல்லின் லோ யாட் கம்ப்யூட்டர் மாலில் முதல் கடையிலேயே வாங்கிவிடாமல் மேல் மாடி வரை விலை கேளுங்கள்.

பட்டர்வொர்த்_கேமர்:

எஸ்எஸ்டிதான் இனி, மறுப்பதற்கில்லை. வெஸ்டர்ன் டிஜிட்டல்கூட பெட்டாலிங் ஜெயா ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலையை மூடப்போவதாக 2018-இல் அறிவித்தபோது, பினாங்கில் எஸ்எஸ்டிக்கு இன்னொரு தொழிற்சாலை தயாராகிறது என்றுதான் சொன்னது. ஆனால் அந்த நல்ல டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் தம்பி. ஸ்டீமில் இரண்டு டிரைவிலும் லைப்ரரி வைக்கலாம், இப்போது விளையாடாத கேம்களை அந்த 1 டிபிக்குத் தள்ளிவிட்டு, வேண்டும்போது மூவ் இன்ஸ்டால் ஃபோல்டர் கொடுத்து எஸ்எஸ்டிக்கு இழுத்துக்கொள்ளுங்கள், திரும்ப டவுன்லோடு செய்யத் தேவையில்லை.