புதுப்பிப்பு: வெப்வியூவின் வெள்ளைத் திரை சரியாகிவிட்டது

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டின் மல்லிகை விலையைக் காட்டும் எங்கள் செயலியில், வெப்வியூ (செயலிக்குள்ளேயே இணையப் பக்கத்தைக் காட்டும் பகுதி) திறந்ததும் வெறும் வெள்ளைத் திரைதான் தெரிகிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். பக்கம் ஏறத் தொடங்குவதையும் முடிவதையும் சொல்லும் நிகழ்வுகளைச் சேர்த்துவிட்டேன். ஆண்ட்ராய்டில் ஆன்பேஜ்ஸ்டார்ட்டட், ஆன்பேஜ்ஃபினிஷ்டு.

ஆனால் ஒன்று என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது. பக்கம் ஏறாமல் போனாலும் ஆன்பேஜ்ஃபினிஷ்டு வந்துவிடுகிறது! அதனால் பிழையை, பிழை வந்தால் அழைக்கப்படும் ஆன்ரிசீவ்டுஎரரில் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அதிலும், ஆண்ட்ராய்டு 6 முதல் பக்கத்தில் ஒரு படம் வராவிட்டால்கூட அது அழைக்கப்படும். பிழை முதன்மைப் பக்கத்துக்கே வந்ததா என்று சொல்லும் இஸ்ஃபார்மெயின்ஃப்ரேம் பார்த்த பிறகே பிழைத்திரை காட்டுங்கள்.

நேற்று விடியற்காலையில், நெட் விட்டு விட்டு வந்த நேரம், உசிலம்பட்டியிலிருந்து பூ கொண்டுவந்த அக்கா ஒருவர் பிழைத்திரையில் இருந்த 'மறுபடி முயற்சி' பொத்தானை அழுத்தி, விலை பார்த்துவிட்டுப் போனார். மனசு நிறைந்துவிட்டது. அப்புறம், ஐஓஎஸ்ஸில் பக்கம் ஏறி முடிந்ததைச் சொல்லும் டிட்ஃபினிஷ் வேலை இன்னும் பாக்கி.